நின்றுபோன ஐபாட்: பழுதுபார்ப்பதா, கார்டுக்கு மாற்றுவதா, வேறு வாங்குவதா?

அண்மையில் உறவினர் ஒருவர் கைக்குட்டையில் சுற்றிய, ஆப்பிளின் பழைய இசைக்கருவியான ஓர் ஐபாட் கிளாசிக்கைக் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்தார். சார்ஜரில் போட்டால் ஆப்பிள் சின்னம் தோன்றி மறைகிறது. காதருகே வைத்தால் பல்லி சொல்வது போன்ற ‘டிக் டிக்’ ஓசை கேட்கிறது. சற்று நேரத்தில் திரையில் சிவப்பு வட்டத்துக்குள் ஒரு பெருக்கல் குறி வந்து நின்றுவிடுகிறது. என்னிடம் வருவதற்கு முன்பே அவர் மூன்று பேரிடம் யோசனை கேட்டிருந்தார். கடைக்காரர் தூக்கிப் போடச் சொன்னார். அக்காள் மகன் உள்ளே மெமரி கார்டு போட்டுவிடலாம் என்றான். மகளோ, போனில் எல்லாப் பாட்டும் இருக்கும்போது இது எதற்கு என்று கேட்டாள்.

மூன்று யோசனைகளிலும் தவறில்லை. ஆனால் அவை மூன்றும் மூன்று வேறு ஆட்களுக்குப் பொருந்துபவை. இதே குழப்பத்தோடு வேறு சிலரும் கேட்டிருப்பதால், எந்த நிலையில் எந்த வழி சரி என்பதைச் சற்று விரிவாகவே எடைபோட்டுப் பார்க்கலாம் என்று தோன்றியது.

இங்கே நான் பேசுவது ஹார்ட் டிஸ்க் உள்ள பிற்கால ஐபாட்களைப் பற்றி மட்டுமே: 2005 அக்டோபரில் வந்த ஐந்தாம் தலைமுறை, அதன் 2006ஆம் ஆண்டுத் திருத்தம், பின்னர் 2007 முதல் 2014 வரை விற்பனையில் இருந்த கிளாசிக். நானோ, டச் ஆகியவற்றின் கதை வேறு. 2005 செப்டம்பர் முதல் 2006 டிசம்பர் வரை விற்கப்பட்ட முதல் நானோவை வைத்திருப்பவர்கள் அதைப் பழுதுபார்க்கும் எண்ணத்தையே விட்டுவிடுவது நல்லது. பேட்டரி அளவுக்கு மீறிச் சூடாகும் குறைக்காக 2011இல் ஆப்பிளே அந்த மாடலைத் திரும்பப் பெற்று மாற்றிக் கொடுத்தது.

## எவற்றை வைத்து எடைபோடுவது

முதல் அளவுகோல் பணம் அன்று. உள்ளே இருக்கும் பாட்டுகள். இந்த ஐபாட்களை இன்னும் கையில் வைத்திருப்பவர்களில் பலர், கேசட்டிலிருந்தும் சிடியிலிருந்தும் தாங்களே பதிவுசெய்து ஏற்றியவர்கள். ஏற்றிய கணினி என்றோ போய்விட்டது. கேசட்டில் பூஞ்சை பிடித்துவிட்டது. மிச்சமிருக்கும் ஒரே பிரதி ஐபாடுக்குள் இருக்கிறது. அப்படிப்பட்டவருக்கு, பாட்டுகளைக் காப்பாற்றாத எந்த வழியும் மலிவான வழியாகாது. எல்லாப் பாட்டும் வேறிடத்தில் பத்திரமாக இருக்கிறது என்றால் இந்த அளவுகோலை அப்படியே அடித்துவிட்டு அடுத்ததற்குப் போகலாம்.

இரண்டாவது, முழுச் செலவு. பாகத்தின் விலையோடு கருவி, கூலி, அனுப்பும் செலவு, வெளிநாட்டிலிருந்து வந்தால் சுங்க வரி, முதல் முயற்சியில் உடைக்கக்கூடிய இன்னொரு பாகம் ஆகிய அனைத்தையும் கூட்டியே பார்க்க வேண்டும். மூன்றாவது, திறப்பதில் உள்ள ஆபத்தும் அதற்கு வேண்டிய கைப்பழக்கமும். நான்காவது, செலவழித்த பிறகு எத்தனை ஆண்டு கிடைக்கும் என்பது.

ஐந்தாவதைப் பலர் கணக்கில் சேர்ப்பதே இல்லை. அது பழக்கம். சட்டைப்பைக்குள் கையை விட்டு, திரையைப் பார்க்காமலே அடுத்த பாட்டுக்குத் தாவும் வசதியை ஐபாடின் முன்பக்கத்தில் விரலால் சுழற்றும் சக்கரம் தந்தது. நடைப்பயிற்சிக்குப் போகும்போதும் சமையலறையில் கை ஈரமாக இருக்கும்போதும் அந்த வசதியின் அருமை தெரியும். இதை இழப்பது ஒருவருக்குப் பொருட்டாக இல்லாமல் இருக்கலாம்; வேறொருவருக்கு இதுதான் எல்லாமாக இருக்கலாம்.

## வழியைத் தேர்ந்தெடுக்கும் முன்: பழுது எது?

பழுது எங்கே என்று தெரியாமல் பாகம் வாங்குவதுதான் இந்த வேலையில் நான் கண்ட மிகப் பெரிய வீண்செலவு. கழற்றாமலே செய்யக்கூடிய சோதனைகள் ஏராளமாக இருக்கின்றன; அவற்றுக்கு ஒரு பைசா ஆகாது.

மேலே உள்ள, மற்றப் பொத்தான்களைப் பூட்டும் ஹோல்டு பொத்தானை ஒரு முறை தள்ளித் திரும்ப விடுங்கள். ‘செத்துப்போன’ ஐபாட் ஒன்று இந்த ஓர் அசைவில் உயிர் பெற்றதை நானே பார்த்திருக்கிறேன், கிண்டலுக்குச் சொல்லவில்லை. பிறகு மெனு பொத்தானையும் நடுப் பொத்தானையும் சேர்த்து எட்டுப் பத்து விநாடிகள் அழுத்திப் பிடித்தால் கருவி மறுபடி துவங்கும். ஆப்பிள் சின்னம் தெரிந்த உடனே நடுப் பொத்தானையும் ப்ளே பொத்தானையும் சேர்த்துப் பிடித்தால் அது ‘டிஸ்க் மோடு’க்குப் போகும், அந்நிலையில் பாடாத ஐபாட்கூடக் கணினியில் ஒரு வெளி டிஸ்காகத் தெரியக்கூடும். அதே தருணத்தில் நடுப் பொத்தானையும் பின்செல் பொத்தானையும் பிடித்தால் தொழிற்சாலைச் சோதனைப் பட்டியல் திறக்கும். கிளாசிக்கில் அந்தப் பட்டியலின் கைச்சோதனைப் பிரிவில் ஹார்ட் டிஸ்குக்கான பக்கத்துக்குச் சென்றால், டிஸ்க் தன்னைப் பற்றித் தானே எழுதி வைத்திருக்கும் கணக்கைப் பார்க்கலாம்: எத்தனை மணி நேரம் ஓடியது, கெட்டுப்போய் மாற்றி ஒதுக்கப்பட்ட பகுதிகள் எத்தனை, மாற்றக் காத்திருப்பவை எத்தனை. கடைசி இரண்டும் பூஜ்யம் என்றால் டிஸ்கின் மேல் பழி போட அவசரப்பட வேண்டாம். அவை நூற்றுக்கணக்கில் இருந்தால் பாட்டுகளை உடனே நகலெடுக்க வேண்டும், அன்றைக்கே.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. ஐபாடுக்குள் இருக்கும் 1.8 அங்குல டிஸ்க் ஓய்விலிருந்து சுழலத் தொடங்கும் கணத்தில்தான் மிகுதியாக மின்சாரம் இழுக்கிறது. நலிந்த பேட்டரியால் அந்தக் கணத்தைத் தாங்க முடியாது. மின்னழுத்தம் சரிந்து, கருவி அணைந்து, மறுபடி துவங்கி, மறுபடி அணையும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு டிஸ்க் போய்விட்டது போலவே தெரியும். டிஸ்கை மாற்றிய பிறகும் அதே கோளாறு தொடர்ந்தால்தான் உண்மை விளங்கும். அதற்குள் டிஸ்குக்குக் கொடுத்த பணம் போய்விட்டிருக்கும். ஆகவே கணினியின் யுஎஸ்பி துளையை நம்பாமல், சுவரில் செருகும் சார்ஜரில் இரண்டு மூன்று மணி நேரம் விட்டு, சார்ஜரில் இருக்கும்போதே முயன்று பாருங்கள். சார்ஜரில் ஒழுங்காக ஓடி, கழற்றியதும் சாய்ந்தால் பேட்டரி. சார்ஜரிலும் ‘டிக் டிக்’ என்றால் டிஸ்க் அல்லது அதன் இணைப்பு.

ஒரு காதில் மட்டும் சத்தம் வருவது வேறு வகை. முதலில் வேறொரு இயர்போனை மாட்டிப் பாருங்கள். பிறகு பஞ்சு சுற்றிய குச்சியை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்து, இயர்போன் செருகும் துளையான ஜாக்கின் உட்புறத்தைத் துடையுங்கள். பையில் சேரும் தூசியும் பஞ்சும் உள்ளே அடைந்திருப்பது வழக்கம். அப்படியும் சரியாகவில்லை என்றால் ஜாக்கை மாற்ற வேண்டும். ஜாக்கும் ஹோல்டு பொத்தானும் ஒரே பாகமாகப் பின்மூடியின் உட்புறம் பொருத்தப்பட்டிருப்பதால் ஹோல்டு பொத்தான் பழுதானாலும் அதே பாகம்தான்.

பின்மூடி உப்பியிருந்தாலோ, திரையின் நடுவில் வெளிறிய திட்டு தெரிந்தாலோ சோதனைகளை நிறுத்திவிடுங்கள். பேட்டரி வீங்கியிருக்கிறது என்று பொருள். அதைச் சார்ஜில் போடுவதோ கூர்மையான கருவியால் நெம்புவதோ தீப்பிடிக்க இடம் கொடுக்கும்.

### பாட்டுகளை வெளியே எடுப்பது

டிஸ்க் மோடில் கணினியோடு இணைக்க முடிந்தால், ஒளித்து வைக்கப்பட்ட கோப்புறைகளைக் காட்டுமாறு கணினியில் அமைத்துக்கொள்ளுங்கள். கட்டுப்பாட்டுக் கோப்புறைக்குள் ‘மியூசிக்’ என்ற ஒன்றும், அதற்குள் எண்ணிட்ட பல சிறு கோப்புறைகளும் இருக்கும். பாட்டுகளின் பெயர்கள் பொருளற்ற நான்கெழுத்துகளாகத் தெரிவதைக் கண்டு திகைக்க வேண்டாம்; பாடகர் பெயரும் படப் பெயரும் ஒவ்வொரு கோப்புக்குள்ளும் பதிந்திருப்பதால், நகலெடுத்த பின் ஏதேனும் ஓர் இசைச் செயலியில் திறந்தால் அவை பழையபடி வரிசைக்கு வந்துவிடும். மேக் கணினியில் முதன்முதலில் அமைத்த ஐபாடை விண்டோஸ் நேரடியாகப் படிக்காது. அதற்கு ஒரு மேக் தேட வேண்டியிருக்கும்.

புதிய கணினியில், ஐபாடுக்குப் பாட்டு ஏற்றும் ஆப்பிளின் செயலியான ஐட்யூன்ஸ் திறந்து, ‘அழித்துவிட்டு ஒத்திசைக்கலாமா’ என்று அது கேட்கும் கேள்விக்கு அவசரத்தில் ஆம் சொல்லிவிடாதீர்கள். டிஸ்க் கெட்டு இழந்த பாட்டுகளைவிட இந்த ஒரு பொத்தானில் இழந்த பாட்டுகள் அதிகம் இருக்கும் என்றே நான் நினைக்கிறேன்.

## வழி 1: அதே பாகத்தை மாற்றிப் பழையபடி ஓட்டுவது

ஆப்பிள், ஒரு கருவியின் விற்பனையை நிறுத்தி ஏழு ஆண்டுகள் கடந்தால் பொதுவாக அதற்குரிய வன்பொருள் பழுதுபார்ப்பை நிறுத்திவிடும். கிளாசிக்கின் விற்பனை 2014 செப்டம்பரில் நின்றது. எனவே அதிகாரபூர்வச் சேவை மையத்துக்குக் கொண்டுபோவதில் பயனில்லை. தனியார் பழுதுபார்ப்பவரோ நாமேயோதான் செய்ய வேண்டும்.

பேட்டரியோ ஜாக்கோ மட்டும் பழுது என்றால் இந்த வழியே சிறந்தது. வேறு எதையும் யோசிக்க வேண்டியதில்லை. இரண்டும் மலிவான பாகங்கள்; பழகிய கைக்கு ஒரு மணி நேர வேலை. வாங்கும்போது உங்கள் கருவி மெல்லியதா தடித்ததா என்று பார்த்து வாங்க வேண்டும். ஐந்தாம் தலைமுறையில் 30 ஜிபி மெல்லியது. 60, 80 ஜிபி இரண்டும் தடித்தவை. ஒன்றின் ஜாக் இன்னொன்றில் பொருந்தாது.

செலவு ஒளிந்திருப்பது திறப்பதில். இவற்றின் உறையில் திருகே கிடையாது; முன்பக்கமும் உலோகப் பின்மூடியும் சுற்றிலும் உள்ள கொக்கிகளால் பிணைந்திருக்கின்றன. ஐந்தாம் தலைமுறையின் முன்பக்கம் பிளாஸ்டிக் என்பதால் ஓரளவு இணங்கும். கிளாசிக்கில் அதுவும் அலுமினியம். மெல்லிய இரும்புத் தகட்டை விட்டு அங்குலம் அங்குலமாக நெம்ப வேண்டும். பின்மூடியின் விளிம்பு வளைந்துவிட்டால் மறுபடி இடைவெளியின்றி மூடாது. திறந்ததும் இரண்டு பாதிகளையும் விரித்துவிடக் கூடாது. செல்போன் மெக்கானிக்குகள் ஸ்ட்ரிப் என்று சொல்லும் தட்டைக் கம்பிகள் இரண்டு அவற்றை இணைக்கின்றன. பேட்டரி ஸ்ட்ரிப்பைப் பிடித்திருக்கும் தாழ், நகத்தின் நுனியளவே உள்ளது. அதை மேல்நோக்கித் திறக்காமல் கம்பியை இழுத்தால் தாழ் மதர்போர்டிலிருந்தே பெயர்ந்துவிடும். என்னிடம் வந்த ஒரு கருவியில் நகரத்துக் கடை ஒன்றில் பேட்டரி மாற்றப் போய் இந்தத் தாழ் உடைந்திருந்தது. மாற்ற வேண்டிய பேட்டரியோ வெகு சாதாரண விலை. ஆகவே கடையில் கொடுப்பதாக இருந்தால், இந்த வகைக் கருவியை முன்பு திறந்ததுண்டா என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள். நூறு போன்களைத் திறந்த கைக்கும் இது புதிதாக இருக்கலாம்.

ஹார்ட் டிஸ்கே பழுது என்றால் இந்த வழியின் மதிப்பு சட்டென்று இறங்கிவிடுகிறது. 1.8 அங்குல டிஸ்குகளை இன்று யாரும் இசைக்கருவிகளுக்காகத் தயாரிப்பதில்லை. கிடைப்பவை பழைய இருப்பு, அல்லது வேறு கருவியிலிருந்து கழற்றியவை. பதினைந்து ஆண்டு ஓடிய டிஸ்கை எடுத்துவிட்டுப் பன்னிரண்டு ஆண்டு ஓடியதைப் போடுவதாகவே அது முடியும். 2007ஆம் ஆண்டுக் கிளாசிக்குகளின் டிஸ்குகளில் இணைப்பு முறையே மாறுபட்டிருப்பதால், 2009 மாடலின் டிஸ்க் அதில் அப்படியே பொருந்தும் என்றும் எண்ணக் கூடாது. டிஸ்கை டிஸ்காலேயே மாற்றுவது, கருவியை முதலில் வந்த நிலையிலேயே வைத்திருக்க விரும்பும் சேகரிப்பாளருக்கு மட்டும் உரியது. இதில் ஒரு விதிவிலக்கு: டிஸ்கின் ஸ்ட்ரிப் நழுவியிருக்கலாம். கீழே விழுந்த பிறகு வந்த பழுது என்றால், அதைக் கழற்றித் திரும்பப் பொருத்திப் பார்த்த பின்னரே டிஸ்குக்குச் சாவோலை எழுத வேண்டும்.

## வழி 2: டிஸ்கை எடுத்துவிட்டு மெமரி கார்டு பொருத்துவது

டிஸ்க் இருந்த இடத்தில் ஓர் அடாப்டர் பலகையை வைத்து அதில் எஸ்டி அல்லது மைக்ரோ எஸ்டி கார்டைச் செருகுவதே இந்த முறை. ஒரு கார்டு, இரண்டு கார்டு, நான்கு கார்டு ஏற்கும் பலகைகள் ஐஃப்ளாஷ் என்ற பெயரில் விற்கப்படுகின்றன. சுழலும் பாகமே இல்லாததால் குலுக்கினாலும் பாட்டு தடைப்படாது, எடை குறைகிறது, மின்சாரமும் மிச்சமாகிறது.

பழைய டிஸ்கோடு ஒப்பிட்டால் இதன் பயன் விளங்கும். ஹார்ட் டிஸ்க் ஐபாட், பாடிக்கொண்டே டிஸ்கைச் சுழற்றிக்கொண்டிருப்பதில்லை. அடுத்து வரும் பாட்டுகளை மொத்தமாகத் தற்காலிக நினைவகத்தில் ஏற்றிக்கொண்டு டிஸ்கை உறங்கவிடுகிறது. அந்த நினைவகம் 30 ஜிபி ஐந்தாம் தலைமுறையில் 32 எம்பி, 60 மற்றும் 80 ஜிபியிலும் கிளாசிக்கிலும் 64 எம்பி. பெரிய கோப்புகளாக ஏற்றியவர்களுக்கு டிஸ்க் அடிக்கடி விழித்தெழுந்து பேட்டரியைத் தின்றது இதனால்தான். கார்டுக்கு இந்த உறக்கமும் விழிப்பும் பெரிய சுமையல்ல. டிஸ்க் போன இடத்தில் மிஞ்சும் வெற்றிடத்தில், மூல பேட்டரியைப் போல் சில மடங்கு கொள்ளளவுள்ள ஒன்றைப் பொருத்தவும் முடியும்.

குறைகளைச் சொல்லாமல் விட்டால் இது விளம்பரமாகிவிடும். முதலாவது, கொள்ளளவு வரம்பு. 2009க்கு முன் வந்த கிளாசிக்குகள், ஆப்பிளின் மென்பொருளில் 128 ஜிபிக்கு மேற்பட்ட கார்டை முழுமையாகப் பயன்படுத்தா. 2009இல் வந்த மெல்லிய 160 ஜிபி மாடலுக்கும் ஐந்தாம் தலைமுறைக்கும் இந்தத் தடை இல்லை. ஆயினும் பாட்டுப் பட்டியலை நினைவகத்தில் ஏற்ற வேண்டியிருப்பதால், 32 எம்பி உள்ளவை ஏறத்தாழ 20,000 பாட்டுகளிலும் 64 எம்பி உள்ளவை ஏறத்தாழ 50,000 பாட்டுகளிலும் திணறத் தொடங்கும். ஒரு பாட்டுக்கு 5 எம்பி என்று வைத்துக்கொண்டால் 128 ஜிபியிலேயே சுமார் 25,000 பாட்டுகள் அடங்கும். 1 டிபி கார்டு போட்டேன் என்று சொல்லிக்கொள்வதில் உள்ள மகிழ்ச்சியைத் தவிர, பெரும்பாலானோருக்கு அதற்கு மேல் தேவை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

இரண்டாவது, போலிக் கார்டு. 256 ஜிபி என்று அச்சிட்டு உள்ளே 32 ஜிபி வைத்து விற்கும் கார்டுகள் இணையச் சந்தைகளில் தாராளம். அவை முதலில் ஒழுங்காக வேலை செய்து, உண்மையான கொள்ளளவைத் தாண்டியதும் பழைய பாட்டுகளின் மேலேயே எழுதத் தொடங்கும். கார்டைப் பொருத்துவதற்கு முன், முழுவதும் எழுதிப் படித்துப் பார்க்கும் இலவசச் சோதனைச் செயலி ஒன்றைக் கணினியில் ஓட்டிவிடுங்கள். சில மணி நேரம் ஆகும், ஆகட்டும்.

மூன்றாவது, அடாப்டர். பெயரில்லாத மலிவுப் பலகைகள் ஐந்தாம் தலைமுறையில் ஓடினாலும் கிளாசிக்கில் பல நேரங்களில் தகராறு செய்கின்றன. மீட்டமைப்பு பாதியில் நிற்கும், அல்லது பாட்டுகள் ஏறும்போது இணைப்பு அறுந்துபோகும். சேமித்த சில நூறு ரூபாய், இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளைத் தின்றுவிடும்.

கார்டுக்கு மாறுபவர்களில் சிலர் கூடவே ராக்பாக்ஸ் என்ற கட்டற்ற மென்பொருளையும் நிறுவிக்கொள்கிறார்கள். ஆப்பிளின் மென்பொருள் ஏற்காத, ஒலித்தரம் குறையாமல் சுருக்கிய ஃப்ளாக் வகைக் கோப்புகளை அது பாடும். ஐட்யூன்ஸ் இல்லாமல், பென் டிரைவில் போடுவது போலக் கோப்புறைகளை இழுத்துப் போட்டால் போதும். தோற்றம் அவ்வளவு நளினமானது அல்ல. முதல் வாரம் அமைப்புகளோடு மல்லுக்கட்ட வேண்டும். பொறுமை உள்ளவருக்கு நல்ல துணை. பெற்றோருக்குச் சரிசெய்து கொடுப்பதாக இருந்தால் ஆப்பிளின் மென்பொருளையே விட்டுவிடுங்கள்.

## வழி 3: வேறொரு பழைய ஐபாட் வாங்குவது

மதர்போர்டே போய்விட்டது, திரையும் உடைந்திருக்கிறது என்ற நிலையில் இது பொருள்படும். ஆனால் ‘புதுப்பிக்கப்பட்டது’ என்ற சொல்லுக்கு இந்தச் சந்தையில் நிலையான பொருள் கிடையாது. புதுப் பின்மூடி, புது முன்பக்கம், உள்ளே அதே பழைய டிஸ்க் என்பதும் புதுப்பித்தல்தான். கார்டு பொருத்தியது என்று விற்கப்படுபவற்றில் எந்த நிறுவனத்தின் கார்டு என்று விற்பவரிடம் கேட்டால் பதில் வராமல் போவதுண்டு.

வாங்குவதாக இருந்தால், முன்பு சொன்ன சோதனைப் பட்டியலில் டிஸ்கின் கணக்குப் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். நேர்மையான விற்பனையாளருக்கு அது ஒரு நிமிட வேலை. நேரில் பார்க்க முடிந்தால் இரண்டு காதிலும் ஒலி, ஹோல்டு பொத்தான், சக்கரத்தின் முழுச் சுற்று, திரையில் கோடுகள் ஆகியவற்றைப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

2005, 2006ஆம் ஆண்டு மாடல்களுக்குக் கூடுதல் விலை சொல்பவர்கள், அவற்றில் வுல்ஃப்சன் நிறுவனத்தின் ஒலிச் சில்லு இருப்பதைக் காரணம் காட்டுவார்கள். சில்லு இருப்பது உண்மை. கிளாசிக்கில் இருப்பது சிரஸ் லாஜிக்கின் சில்லு என்பதும் உண்மை. அந்த வேறுபாட்டுக்காகக் கொடுக்கும் கூடுதல் பணத்தை நல்ல இயர்போனுக்குக் கொடுத்தால் காதுக்கு அதிகம் கிடைக்கும் என்பது என் கருத்து.

இந்த வழியில் எனக்குப் பிடித்த உத்தி ஒன்று உண்டு. டிஸ்க் செத்த, மற்றவை நன்றாக உள்ள கருவியை ‘ஓடாது’ என்ற விலையில் வாங்குவது. உங்களுடையதில் மதர்போர்டு போயிருந்தால், அதில் கார்டைப் பொருத்திவிட்டு உங்கள் பழைய கருவியைப் பாகங்களுக்காக வைத்துக்கொள்ளலாம்.

## வழி 4: புதிய இசைக்கருவி

சோனியின் என்டபிள்யூ-ஏ306 மாடலும், ஃபியோ, ஹைபை போன்ற நிறுவனங்களின் கருவிகளும் இந்த வரிசையில் வருகின்றன. ப்ளூடூத், மைக்ரோ எஸ்டி துளை, யுஎஸ்பி-சி சார்ஜிங், ஃப்ளாக் ஆதரவு எல்லாம் பெட்டியிலிருந்து எடுத்ததுமே கிடைக்கும். கம்பியில்லா இயர்போனுக்கு மாறிவிட்டவருக்கு இது மிகவும் நேரான வழி. ஐபாட் கிளாசிக்கில் ப்ளூடூத்தே கிடையாது, தனி டிரான்ஸ்மிட்டர் ஒன்றை அடியில் தொங்கவிட வேண்டியிருக்கும்.

இங்கே மறைந்திருக்கும் செலவுகள் மூன்று. சொல்லப்படும் சேமிப்புக் கொள்ளளவில் ஒரு பகுதியை, இவற்றில் பலவற்றை இயக்கும் ஆண்ட்ராய்டே எடுத்துக்கொள்வதால் கார்டு தனியாக வாங்க வேண்டும். அந்த 306இல் மொத்தமே 32 ஜிபிதான். ஆண்ட்ராய்டு கருவி என்றால் ஓய்வில் இருக்கும்போதும் பேட்டரி மெல்லக் கரையும். மூன்றாவது, இவற்றில் பெரும்பாலானவை தொடுதிரை. சட்டைப்பைக்குள் கைவிட்டுச் சக்கரத்தைச் சுழற்றிய பழக்கம் இங்கே செல்லாது. பக்கவாட்டுப் பொத்தான்கள் உள்ள மாடலைப் பார்த்து வாங்குவது அந்தக் குறையை ஓரளவு ஈடுசெய்யும்.

சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் பெயரற்ற எம்பி3 கருவிகளைப் பற்றிக் கேட்பவர்களும் உண்டு. ஐம்பது பக்திப் பாடல்களுக்குப் போதும். ஐயாயிரம் பாட்டுகளைப் போட்டால் தேடுவதற்கே பொழுது போய்விடும்.

## வழி 5: இழுப்பறையில் கிடக்கும் பழைய போன்

மகள் சொன்னது இதுவல்ல. அவள் சொன்னது அன்றாடம் பயன்படுத்தும் போன். அதில் பாட்டின் நடுவே அழைப்பு வரும், செய்தி வரும், அரை மணி நேரம் பாட்டுக் கேட்க உட்கார்ந்தவர் வேறெங்கோ போய்ச் சேர்வார். சந்தா செலுத்தும் செயலிகளில் தரவிறக்கி வைத்த பாட்டுகள் சந்தா நின்றதும் பாடாமல் போகும் என்பதையும், உரிமம் மாறினால் ஒரு படத்தின் பாட்டுகள் மொத்தமாகப் பட்டியலிலிருந்து மறையக்கூடும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

ஆனால் மைக்ரோ எஸ்டி துளையும் 3.5 மில்லிமீட்டர் ஜாக்கும் உள்ள பழைய ஆண்ட்ராய்டு போன் ஒன்று வீட்டில் சும்மா இருந்தால், சிம்மை எடுத்துவிட்டு, விமான நிலையில் வைத்து, தேவையற்ற செயலிகளை நீக்கி, விஎல்சி போன்ற ஒரு செயலியை மட்டும் விட்டால் அது முழுமையான இசைக்கருவிதான். செலவு ஒரு கார்டு மட்டும். பேட்டரி வீங்கியிருக்கிறதா என்று மட்டும் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். ஐபாடிலிருந்து எடுத்த பாட்டுகளை வைத்துக் கேட்க, வேறு முடிவுக்கு வரும்வரையிலான இடைக்கால ஏற்பாடாகவும் இது உதவும்.

## ஒரே பார்வையில்

| வழி | பொருந்தும் பழுது | கண்ணில் படாத செலவு | கைப்பழக்கம் | இனி எதிர்பார்க்கும் ஆயுள் | சக்கரம் |
|---|---|---|---|---|---|
| பேட்டரி, ஜாக் மாற்றுதல் | பேட்டரி, ஒரு காது ஒலி, ஹோல்டு | திறக்கும்போது உடையும் தாழ், வளையும் மூடி | நடுத்தரம் | டிஸ்க் நலமாக இருக்கும்வரை | இருக்கும் |
| டிஸ்குக்கு டிஸ்க் | டிஸ்க் | பழைய டிஸ்க் மறுபடி கெடுதல் | நடுத்தரம் | சொல்ல முடியாது | இருக்கும் |
| கார்டுக்கு மாற்றுதல் | டிஸ்க். கூடவே பேட்டரி | போலிக் கார்டு, சுங்க வரி, ஒவ்வாத அடாப்டர் | நடுத்தரத்துக்கு மேல் | நீண்டது | இருக்கும் |
| வேறு பழைய ஐபாட் | மதர்போர்டு, திரை | உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமை | பார்த்து வாங்கும் அனுபவம் | விற்பவரைப் பொறுத்தது | இருக்கும் |
| புதிய கருவி | எதுவாயினும் | கார்டு, காத்திருப்பில் கரையும் பேட்டரி | தேவையில்லை | சில ஆண்டுகள் | பெரும்பாலும் இராது |
| பழைய போன் | எதுவாயினும் | வீங்கிய பேட்டரி | தேவையில்லை | போனைப் பொறுத்தது | இராது |

## சில நிலைகளும் என் பரிந்துரையும்

பாட்டுகளின் ஒரே பிரதி உள்ளே இருக்கிறது, டிஸ்கோ கணினியில் தெரியவே இல்லை என்றால், மேலே உள்ள எந்த வழிக்கும் இப்போது போகாதீர்கள். திரும்பத் திரும்ப இயக்கிப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் டிஸ்கின் படிக்கும் தலை, சுழலும் தட்டில் உரசும் வாய்ப்பு கூடுகிறது. தரவு மீட்பு செய்பவரிடம் டிஸ்கை மட்டும் கழற்றிக் கொடுத்து மதிப்பீடு கேளுங்கள். அந்தத் தொகை ஐபாடின் விலையைப்போல் பல மடங்காக இருக்கக்கூடும். உங்கள் பதிவுகளுக்கு அந்த மதிப்பு உண்டா என்பதை நீங்கள்தான் சொல்ல முடியும். பாட்டியின் குரலில் பதிந்த தாலாட்டுக்கு ஒரு விலை. கடையில் இன்றும் கிடைக்கும் படப் பாடல்களுக்கு வேறு விலை.

சோதனையில் டிஸ்க் நலம், பேட்டரி மட்டும் நலிவு என்றால் பேட்டரியை மாற்றி ஓட்டுங்கள். கார்டின் ஆசையில் நல்ல டிஸ்கைக் கழற்ற வேண்டாம். டிஸ்க் போய், மற்றவை நலமாக இருந்து, சக்கரமும் வேண்டும் என்றால் கார்டு. அந்நிலையிலும் பேட்டரியைச் சேர்த்தே மாற்றிவிடுவது நல்லது. அந்த மூடியை இன்னொரு முறை திறக்கும் தொல்லை மிச்சம். சக்கரம் ஒரு பொருட்டல்ல, கம்பியில்லா இயர்போன்தான் பழக்கம் என்றால் ஐபாடுக்குச் செலவழிக்காமல் புதிய கருவியையோ பழைய போனையோ பாருங்கள். எந்த வழிக்குப் போனாலும் கழற்றிய பேட்டரியைக் குப்பைத் தொட்டியில் போடாமல் மின்கழிவு சேகரிப்பவரிடம் சேர்த்துவிடுங்கள்.

என் உறவினருடையது 2008இல் வந்த 120 ஜிபி மாடல். சுவர்ச் சார்ஜரில் இரவு முழுதும் விட்டு மறுநாள் டிஸ்க் மோடில் இணைத்தபோது, பல்லிச் சத்தத்துக்கு நடுவே டிஸ்க் நாற்பது நிமிடம் தாக்குப்பிடித்தது. முக்கால்வாசிப் பாட்டுகளை எடுத்துவிட்டோம். மீதியில் பெரும்பகுதி அவர் வீட்டுப் பரணில் சிடிக்களாகவே இருந்தது. மாடலின் வரம்பை எண்ணி 128 ஜிபி கார்டும் புதுப் பேட்டரியும் பொருத்தினோம். பின்மூடியின் இடப்பக்கத்தில் நான் நெம்பியபோது விழுந்த சிறு பள்ளம் ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு முறை கையில் எடுக்கும்போதும் அதைத்தான் எனக்கு முதலில் காட்டுகிறார்.